சத்தமா, பாட்டா?

நான் வாசிப்பது இரைச்சல் இசை. "வாசிப்பது" என்று நான் சொன்னாலே என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். வாசிப்பதற்கு ஒரு வீணை வேண்டும், நாதஸ்வரம் வேண்டும், போனால் போகிறது, ஒரு கீபோர்டாவது வேண்டும். என்னிடம் இருப்பது பழைய கன்டெய்னரிலிருந்து வெட்டியெடுத்த ஒரு தகரம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் யார்டு ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். அங்கே கழித்துப் போட்ட தகரத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் ஒரு பித்தளை வில்லை இருக்குமே, அதில் இரண்டைத் தகரத்தின் முதுகில் ஒட்டி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். விரலால் தடவினால் ஒன்று வரும், கம்பியால் இழுத்தால் வேறொன்று வரும். மற்றவர்கள் பயந்து நிறுத்துகிற ஸ்பீக்கர் கூவலை நான் வேண்டுமென்றே கூவவிடுவேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத் தகரத்தின் முன் உட்காருவேன். அவள் அந்தப் பக்கம் அடுப்பில் இருப்பாள். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். "இன்னாயா இது, கலீஜா ஒரு சத்தம்" என்பாள். "படா பேஜாரா கீதுயா ஒன்னோட" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே வசனம். சத்தம் என்ற சொல்லை அவள் சொல்லும்போது மூக்கு லேசாகச் சுருங்கும். நானும் முறைப்பேன். ஆனால் கையை எடுத்ததில்லை.

இத்தனை வருஷத்தில் நான் வெளியே வாசித்ததைக் கேட்க அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. வாசித்ததெல்லாம் ஊரின் தெற்குப் பக்கம். மொட்டை மாடி, ஓவியக்கூடம், யாரோ ஒருவருடைய கார் ஷெட். அங்கே ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். முடிந்ததும் வந்து, "உங்கள் இசையில் எண்ணூர் புகைபோக்கி தெரிகிறது, மணலி தெரிகிறது" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் இசையில் எண்ணூரும் இல்லை, மணலியும் இல்லை, என் தகரம்தான் இருக்கிறது. இதை எப்படி அமைக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் சந்தோஷமாகப் பதில் சொல்வேன்: "நான் எதையும் முன்கூட்டி யோசிப்பதே இல்லைங்க. அந்தந்த நேரத்தில் கை போன வழி."

அந்தக் கடுப்பில்தான் இந்த வருஷம் ஒரு விழாவை எங்கள் பக்கமே நடத்துவது என்று முடிவு செய்தேன். போஸ்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது, ஃபோனிலிருந்து ஃபோனுக்குச் சொல்லி அனுப்புவதுதான். இடம், கடலோரக் குப்பத்தில் என் மனைவி பிறந்த தெரு. அவளுடைய பெரியப்பாவுக்கு அங்கே வலை போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. படகை விற்றுவிட்டார், கொட்டகை காலி. விழாவுக்கு மறுநாளிலிருந்து ஐஸ் பெட்டி வைக்க யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார். "இன்னிக்கு ஒரு நாளு ஒன்னுது மாப்ள. நல்லா பண்ணு" என்று விழாவன்று காலையில் சாவியைக் கொடுத்தார். தெருவில் ஒரு சண்டை, ஒரு வழக்கு என்றால் அவர் வார்த்தைதான் கடைசி.

மனைவியும் வந்தாள். "எங்க தெருவுல வச்சிகினு நான் வரலன்னா நாலு பேரு இன்னா கேப்பாங்க?" என்பது அவள் சொன்ன காரணம். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு அது போதும். அன்று காலையில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்தக் கடற்கரையிலேயே இருந்திருக்க முடியாது.

முதலில் புனேவிலிருந்து வந்த ஒரு பெண். சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் கம்பிகளை வயலின் வில்லால் இழுத்தாள். கொட்டகையின் தகரக் கூரை மொத்தமும் சேர்ந்து அதிர்ந்தது. வாசலில் கூடையோடு நின்ற பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். "பல்லு கூசுதுடி" என்றாள் ஒருத்தி. ஆனால் போகவில்லை. அடுத்து கொச்சிக்காரர். நான்கைந்து பழைய ரேடியோக்களை எந்த ஸ்டேஷனும் கிடைக்காத இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கினார். கொட்டகையிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர், மீன்பிடி போட்டில் போகிறவர், பின்னால் நின்று "ஸ்டேஷன மாத்து நைனா, ஒண்ணியும் கேக்கல" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. கொச்சிக்காரரும் சிரித்துக்கொண்டே ஒரு குமிழைத் திருப்பினார். இரைச்சல் ஒரே அடியாகப் பொங்கி வந்தது. போட்டுக்காரர் "ஆங், இது ஷோக்கா கீது" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரை யாரோ வீட்டிலிருந்து கூப்பிட, எழுந்து போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான். தகரத்தைத் தாங்கியில் மாட்டி, ஒயர்களைச் சரிபார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தேன். மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மூன்றாவது வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. போட்டுக்காரருடைய அம்மா போய்விட்டார். பல நாளாகப் படுத்த படுக்கை. நாங்கள் போட்ட இரைச்சலில்தான் போய்விட்டாரோ என்று பயந்துபோனேன். முந்தாநாளே பால் ஊற்றி, எப்போது எப்போது என்று காத்திருந்தார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் எழுந்து ஓடினார்கள், என் மனைவி முதல் ஆளாக. வெளியூர் விருந்தாளி ஒருவர் அழுகை வந்த பக்கம் ஃபோனை நீட்டிப் பதிவு செய்யப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. தெருவில் ரேடியோ கூடாது, டிவியில் பாட்டு கூடாது, மைக் செட் கூடாது. செத்தவருக்கு அடிக்கிற மேளம் மட்டும்தான். பட்டறை ஓடலாம், மோட்டார் ஓடலாம், ஜெனரேட்டர் ஓடலாம், அதெல்லாம் வேலைச் சத்தம். கடைசி மகன் மங்களூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள்தான் எடுப்பார்கள். மறுநாள் கொட்டகை எனக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கோ அன்று சாயங்காலமே ரயில்.

துக்க வீட்டுக்குள் போய் வணங்கிவிட்டு நான் வாசலில் ஒதுங்கி நின்றேன். நின்ற கோலமே என் கவலையைச் சொல்லியிருக்கும் போல. போட்டுக்காரர் அழுத கண்ணோடு வெளியே வந்து பெரியப்பாவிடம் சொன்னார்: "நம்ம மாமு பண்ணட்டும். எங்கெங்கேர்ந்தோ வந்து கீறாங்க. எங்கம்மாவுக்கு இன்னா கேக்கவா போவுது?"

"பாட்டு போடக் கூடாதுடா" என்றார் பெரியப்பா.

"இது இன்னா பாட்டா? நானும் காலையில கேட்டேன், வெறும் சத்தம். பட்டறை ஓட்ற மாதிரி."

பெரியப்பா யோசித்தார். காலையில் அவரும் கேட்டிருந்தார், முடிவுக்கு வர முடியவில்லை. என்னைப் பார்த்து, "மாப்ள, நீ பண்றது பாட்டா, சத்தமா?" என்றார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இது சத்தம் இல்லை, இசை, இசை என்று சண்டை போட்ட வாய். இப்போது சத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாசிக்கலாம். சொல்ல வாயும் வரவில்லை, இசை என்று சொல்ல மனசும் வரவில்லை. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே வழி கண்டுபிடித்தார். சாவு வீட்டு வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த என் மனைவியைக் கூப்பிட்டார். "நீ சொல்லுமா. தினம் வூட்ல கேக்குறவ நீதான். ஒன் வூட்டுக்காரன் பண்றது பாட்டா, சத்தமா?"

எனக்கு உயிர் வந்தது. இவளைக் கேட்டால் வேறென்ன சொல்லப் போகிறாள்? மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்லப் போகிற அந்த ஒரு வார்த்தைக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசையோடு காத்திருந்தேன். கால் கொட்டகைப் பக்கம் திரும்பியே விட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாட்டுதான் பெரியப்பா."

"இன்னா தங்கச்சி" என்று போட்டுக்காரரே அலுத்துக்கொண்டார், "நீயேதான சத்தம் சத்தம்னு திட்டுவ?"

"திட்டுவேன். அதுக்கோசரம் பாட்டு இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். "மொதல்ல கரகரன்னு ஒண்ணு வரும் பெரியப்பா. அப்பால ஏறும். ஏறிகினே போவும், எனக்குக் கோவம் கோவமா வரும். ஒரு எடத்துல டக்குனு வுட்டுட்டு மெல்ல எறங்கும். தினம் அதே எடத்துலதான் எறங்கும். அது எறங்கசொல்லோ நான் சோத்த வடிப்பேன். ஒரு நாளு கொழஞ்சதில்ல, வேகாம இருந்ததில்ல. வெறும் சத்தமா இருந்தா, எங்க எறங்கும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

கை போன வழி என்று நான் தெற்கே போய்ப் பீற்றிக்கொண்டதற்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அதைக் கேட்டு உலை இறக்கியிருக்கிறாள். சோறு நன்றாகத்தான் இருந்தது எப்போதும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

"அப்ப வேணாம் மாப்ள" என்றார் பெரியப்பா.

"சரி மாமா" என்றேன்.

கொட்டகைக்குத் திரும்பி ஒயர்களைப் பிடுங்கினேன். கோபம் வரத்தான் செய்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவள் பின்னாலேயே வந்து நின்றாள். "ஒரே ஒரு தடவை சத்தம்னு சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் ஒனக்கு?" என்று கத்தினேன்.

"துக்க வூட்டு வாசல்ல நின்னுகினு பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப இத்தினி வருஷமா வூட்ல சொன்னது இன்னா?"

"அது வூட்ல சொன்னது" என்றாள், அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லாத மாதிரி. ஒயரைச் சுற்றுவதற்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

துக்க வீட்டில் நாற்காலி போதவில்லை. எங்கள் வாடகை நாற்காலிகள் அத்தனையும் அங்கே போயின. புனேப் பெண்ணும் கொச்சிக்காரரும் ஆளுக்கு நான்கு தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தல் போட உதவினார்கள், டீ குடித்தார்கள், ரயிலுக்கு நேரமானதும் போட்டுக்காரரிடம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் வாசிக்காமல் போனதற்கு வருத்தப்பட்டது அவர்கள்தான். எனக்கு அதற்குள் வருத்தம் தீர்ந்துபோயிருந்தது.

மேளம் வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் வரிசையில் போட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெண்கள் நடுவில் என் மனைவி, பூவை எடுத்துவிட்டு, தலைப்பைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். பாட்டுதான் பெரியப்பா, பாட்டுதான் பெரியப்பா என்று எனக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பி வந்தது. சாவு வீட்டில் பல்லைக் காட்டினால் அடி விழும். கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன், தோள் மட்டும் குலுங்கியது. போட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "அழுவாத மாமு" என்றார். "நல்லா வாழ்ந்துட்டுதான் போயிருக்குது." அவர் சொன்ன பிறகுதான் கைக்குட்டை நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.