அம்மாவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வராது

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் தலை நிமிர நேரம் இருக்காது. டீ வருகிற நேரத்தில்தான் நாலு வார்த்தை பேச முடியும். போன வருஷம் முழுக்க அந்த நாலு வார்த்தையும் ஏஐ பற்றித்தான். ஓவியர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைகிற முருகனை அது டீ ஆறுவதற்குள் போட்டுத் தருகிறதே என்று முதலாளிக்குப் பரவசம். மெஷின்மேன் அண்ணனுக்கு எரிச்சல். "ஒரு கையில ஆறு வெரலு இருக்கு. எந்த வெரல்ல வேலாயுதத்தைப் பிடிச்சிருக்காருன்னு அதுகிட்டயே கேளுங்க" என்பார். பைண்டிங்கில் இருக்கும் அக்கா ஒருத்தி, செத்துப்போனவர்கள் எழுந்து வந்து பேசுகிற வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து திருநீறு பூசாமல் படுப்பதில்லை.

நான் டிசைன் செக்ஷன். நாள் முழுக்க அந்தச் சனியனோடு மல்லுக்கட்டுகிறவள். அதனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "அதுவும் மிக்சி மாதிரி ஒரு மெஷின்தாம்க்கா. என்ன போடுறமோ அதைத்தான் அரைக்கும்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பேன். பேச்சில் என்னை ஜெயிக்க அங்கே ஆள் கிடையாது. தங்கச்சி கல்யாணம் வரைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தவள். தங்கச்சி பிறப்பதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் கையில் இருந்த மருந்து பற்றிக்கொண்டது. உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். வலது கன்னம், காது, கழுத்து வரைக்கும் வெந்துபோய், ஆறிய பிறகு அந்தத் தோல் சுருங்கி இறுகிவிட்டது. அப்போது எனக்கு ஏழு வயசு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அம்மாவைக் கண்டு நான் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தேன் என்று பின்னால் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கச்சிக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவள் கண்ணைத் திறந்து பார்த்த அம்மாவே அப்படித்தான். அம்மா என்றால் ஒரு கன்னம் வழவழப்பாகவும் ஒரு கன்னம் சொரசொரப்பாகவும் இருக்கும் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பால்வாடியில் மற்ற அம்மாக்களைப் பார்த்துவிட்டு வந்து, "அவுகளுக்கெல்லாம் ஏம்மா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு?" என்று கேட்டவள் அவள். தூங்கும்போது அந்தச் சொரசொரப்பில் கை வைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவள் கல்யாணத்தைப் பார்க்க அம்மா இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டாள். மல்லாங்கிணறு மாப்பிள்ளை, நல்ல குடும்பம், எல்லாம் கூடி வந்தது. ஆனால் புடவை எடுக்கப் போன கடையில், பூக்கடையில், கண்ணாடி வளையல் போடும்போது என்று எங்கே பார்த்தாலும் தங்கச்சி கண் கலங்கி நின்றாள். "தாலி கட்டுறப்ப ஒரு நிமிசம் அம்மா மொகத்தைப் பாத்தாப் போதும்க்கா" என்று அவள் சொன்னதைத் தாய்மாமன் கேட்டுவிட்டார். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தங்கமான மனுஷன். அதுதான் வம்பாகிவிட்டது.

விருதுநகர் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும், மாமா மைக்கைப் பிடித்து, "எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்றார். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் மேகம் ஓடியது. மேகத்துக்குள்ளே இருந்து பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, ஒரு பெண் நடந்து வந்தாள். நேராகப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள். கையை உயர்த்தி, "என் அன்பு மகளே, பதினாறு செல்வங்களும் பெற்று நீடூழி வாழ்க" என்று செய்தி வாசிக்கிற குரலில் ஆசீர்வாதம் செய்தாள். எங்கள் அம்மா தன் ஆயுசில் 'நீடூழி' என்று சொல்லியிருக்க மாட்டாள்.

மண்டபமே அழுதது. பந்திக்குப் போக எழுந்தவர்கள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் ஒரு கணம் அம்மாதான் என்று பட்டது, பொய் சொல்லக் கூடாது. ஏழு வயசு வரைக்கும் நான் பார்த்த அந்த முகம் லேசாக ஞாபகம் இருந்தது. பிறகு தங்கச்சியைப் பார்த்தேன். அவள் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு என் காதருகில் குனிந்து கேட்டாள்.

"யக்கா, யாரு அது?"

நான் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் பிள்ளை அழுகிறது என்று எல்லாரும் இன்னும் கொஞ்சம் அழுதார்கள். வீடியோக்காரர் ஓடி வந்து அவள் அழுவதைக் கிட்டத்தில் எடுத்தார். அவர் கேமராவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அடங்கி நின்றேன். அப்பா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். படம் முடிந்து திரை கறுப்பான பிறகும் அங்கேயே நின்றார்.

பந்தியில் சாம்பாரை விட அந்த வீடியோதான் அதிகம் பேசப்பட்டது.

"எம்புட்டு லெச்சணமா இருக்கா பாருங்க. அந்தக் காயம் இருந்த தடமே தெரியல."

"இனிமே யாரும் சாகலன்னே வச்சுக்கிடலாம் போலருக்கே."

"எங்கய்யாவுக்கும் ஒண்ணு செய்யணும். எங்கன செஞ்சீக?"

மாமா ஒவ்வொரு இலையாகப் போய் ஸ்டூடியோ பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "எப்படி இருந்துச்சு தாயி?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவரோடு விளையாடி வளர்ந்த அக்கா அந்த முகக்காரிதானே. "நல்லா இருந்துச்சு மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுவீட்டுக்கு வந்த தங்கச்சி, மாப்பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து, "ஸ்டூடியோவுக்குப் போவோம்க்கா. அம்மாவை அம்மாவா மாத்தித் தரச் சொல்லுவோம்" என்றாள். போனோம். ஸ்டூடியோக்காரர் சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. மாமா அனுப்பிய போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். பேங்க் கணக்குக்காக எடுத்த படம். விபத்துக்கு முந்தின படம் எதுவும் வீட்டில் இல்லை; அம்மா நேராகப் பார்த்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். கன்னம், கழுத்து, எல்லாம் இருந்தது.

"நான் கையே வைக்கலங்க. பழைய போட்டோன்னா கறை, கிழிசல் எல்லாத்தையும் அந்த ஆப்பே எடுத்துரும். நானும் படத்துல தண்ணி பட்டிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

என்ன போடுகிறோமோ அதைத்தான் அரைக்கும் என்று பேசிய வாய் எனக்கு. எங்கள் அம்மாவின் பாதி முகத்தை அந்த மெஷின் கறை என்று துடைத்துப் போட்டிருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"காயத்தை அப்படியே வச்சுப் பண்ணித் தாரேன், உக்காருங்க" என்றார் அவர். பாவம், அக்கறையாகத்தான் செய்தார். கொஞ்ச நேரத்தில் காயத்தோடு அம்மா மேகத்துக்குள் இருந்து வந்தாள். தங்கச்சி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அம்மா சிரித்தாள். தங்கச்சியின் முகம் விழுந்துவிட்டது.

"அம்மாவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வராதுண்ணே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. இறுகிய தோல் இழுபடாது. அம்மா சிரித்தால் இடது பக்கம் மட்டும் மேலே போகும், வலது பக்கம் அப்படியே நிற்கும், பழகாதவர்களுக்கு ஏளனம் செய்கிற மாதிரி இருக்கும். தங்கச்சி தன் வாயாலேயே அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அந்தச் சிரிப்பை விவரித்து ஆப்பில் எழுதிப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார். ஒரு தடவை அம்மா வாய் கோணி வந்தாள், ஒரு தடவை கன்னத்தில் ரத்தம் வடிய வந்தாள். தங்கச்சி எழுந்துவிட்டாள். "விடுங்கண்ணே. அதுக்கு எங்கம்மாவைத் தெரியல" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா போனில் அந்த முதல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். தங்கச்சி அவர் கையிலிருந்து போனை வாங்கி, "இதை அழிச்சுருவோம்ப்பா. இது நம்ம அம்மா இல்ல" என்றாள்.

அப்பா பதறிப்போய்விட்டார். "வேண்டாம் தாயி, குடு" என்று இரண்டு கையையும் நீட்டினார். அப்பா அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"இவளைத்தான் நான் பொண்ணு பாத்தேன். இவ மொகத்தைப் பாத்துத்தான், கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு எங்க வீட்டுல சண்டை போட்டேன்."

"அப்ப எங்கம்மா?" என்றாள் தங்கச்சி.

அப்பாவின் கண் அவள் கையிலிருந்த போனிலேயே இருந்தது. "உங்கம்மாவை நான் ஒரு கொறையுமில்லாம வச்சுக்கிட்டேன். சாகுறவரைக்கும் ஒரு நாளாவது மொகத்தைச் சுளிச்சிருப்பனா, சொல்லுங்க. இவளைப் பாக்கத்தான் எனக்கு வழியில்லாமப் போச்சு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தங்கச்சி போனை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அவர்களை மல்லாங்கிணறுக்கு வழியனுப்பப் பஸ் நிறுத்தம் வரை போனேன். மாப்பிள்ளை கடையில் பழம் வாங்கப் போன இடைவெளியில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா மனசுல இப்படி இருந்தது அம்மாவுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாதுடி. அவளுக்கு எங்க தெரியும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியும். எந்த இடத்துக்குப் போனாலும் அவள் அப்பாவுக்கு வலது கைப் பக்கமாக வந்துதான் உட்காருவாள். அவர் திரும்பிப் பார்த்தால் நல்ல கன்னம்தான் கண்ணில் படும். கோயில் பூஜையில், பெண்டாட்டி இடது பக்கம்தான் உட்காரணும் என்று பெரியவர்கள் சத்தம் போட்டாலும் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள். பஸ்ஸில் அவருக்கு இடது பக்கம் மட்டும் இடம் காலியாக இருந்தால், "எனக்கு நிக்கிறதுதான் வசதி" என்று சொல்லிவிட்டு, ஊர் வந்து சேரும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வருவாள்.