வலது காலை முதலில் வைத்தவர்

கார்க் கதவு வந்து என் மேல் மோதியது என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நீதான் போய்க் கதவில் மோதினாய் என்கிறார்கள். கதவுக்குக் கால் இல்லை, எனக்குச் சக்கரம் இருக்கிறது, ஆகவே தப்பு என்னுடையது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் இருக்கும் வீட்டுக்கு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது நான்தான். அவர் விழித்துக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று மிதித்தேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறு தெருவில், ஒரு மண்டபத்து வாசலில் வாடகைக் கார் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் போக வலது பக்கம் ஒதுங்கினேன். சாலைப் பக்கத்துப் பின்கதவு படாரென்று திறந்தது. பட்டுப்புடவைக் கரையும் ஒரு செருப்புக்காலும் தெரிந்தன. அடுத்த நொடி தார்ச்சாலையில் கிடந்தேன். முழங்காலில் ரத்தம். வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"நடைபாதைப் பக்கம் இறங்கக் கூடாதாக்கா?" என்று கத்தினேன்.

கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைக்காமலே அந்த அம்மாள் பதில் சொன்னார். "இன்னிக்கு எம் மகளுக்கு நிச்சயம்லா. அந்தப் பக்கம் இறங்கினா இடது கால்தானே முதல்ல வரும்?"

அந்த வலியிலும் அதை யோசித்துப் பார்த்தேன். சரிதான். கார்கள் இடது ஓரம் நிற்கும் ஊரில் வலது காலை முதலில் ஊன்ற வேண்டுமென்றால் நடுச்சாலையில்தான் இறங்க வேண்டும். நம் ஆட்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நாளில் சைக்கிள்காரர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

கூடி நின்றவர்களில் ஒரு பெரியவர், "இந்த வயசுல எதுக்கும்மா சைக்கிள்? அதான் எம்ஆர்டி ரயில் இருக்குல்ல?" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அந்த அம்மாள் குனிந்து கெஞ்ச ஆரம்பித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். வாசல்ல அழுகைன்னா சகுனம் பாப்பாங்க. ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா."

முட்டாள் நான். யாரோ ஒரு பெண்ணின் நல்ல காரியம் ஆயிற்றே என்று, "ஒண்ணுமில்லக்கா, நல்லா இருக்கேன், போங்க," என்றேன். முறிந்த கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பூன் லேயிலிருந்து தம்பி வந்து இரண்டு நாள் அப்பாவைத் தூக்கினான். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "கட்டு பிரிக்கிற வரைக்கும் தாதிமை இல்லத்துல விடுவோம்க்கா, தாதிங்க பாத்துக்குவாங்க. ஆறு வாரம்தானே?" எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சண்டை போடுவது? அப்பாவிடம் கை சரியானதும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கட்டு பிரித்த அன்றே இல்லத்துக்கு ஓடினேன். முன்பெல்லாம் நான் அணைத்துப் பிடித்தால் அப்பா ஒரு காலை ஊன்றி ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிக்குள்தான் நாற்காலிக்கு மாற்றுவேன். ஆறு வாரம் படுத்தே கிடந்ததில் அந்த நொடியும் போய்விட்டிருந்தது. தாதி என்னை வராந்தாவிலேயே நிறுத்தினார். "இனிமே உங்க ஒருத்தரால முடியாதுக்கா. தூக்க ரெண்டு பேர் வேணும்."

உள்ளே அப்பா வெளியே போகும் சட்டையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"கை சரியாயிருச்சுல்ல? வா, வீட்டுக்குப் போவோம்," என்றார்.