பெயருக்கு எதிரே இருந்த கட்டம்

மட்டக்களப்பில் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை வரையும் கூட்டத்துக்கு, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைக் கொக்கட்டிச்சோலையிலிருந்து நான்தான் வற்புறுத்தி அழைத்தேன்.

“ஒருத்தருக்கும் தெரிய வராதுதானே மிஸ்?”

“வராது” என்றேன்.

வழக்கம்போல் வருகைத் தாளை நானே தயாரித்திருந்தேன். அவள் பெயருக்கு எதிரே ‘பாதிக்கப்பட்டவர்’ என்று தட்டச்சு செய்திருந்தேன். கூட்டத்தில் அந்தத் தாள், அங்கே வந்திருந்த அவள் ஊர்க்காரர் மூவரின் கைகளைத் தாண்டித்தான் அவளிடம் போனது.

ஒப்பமிடாமல் என்னிடம் நீட்டினாள். “தனக்கு நடந்ததைச் சொல்ல வாற பிள்ளைட்ட முதல்ல பேரைக் கேக்காதீங்க எண்டு சொல்லத்தான் மிஸ் வந்தன். நான் போறன்.”

அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் தவறையும் சொல்ல வேண்டும்.

கொள்கை அச்சாகிவிட்டது. அவள் சொன்னது அதில் இல்லை. அவளையும் கலந்தாலோசித்ததற்குச் சான்றாக, அவள் ஒப்பமில்லாமல் பெயர் மட்டும் உள்ள அந்தத் தாள்தான் கோப்பில் இருக்கிறது.