நாக்கில் வைத்த ஒரு சொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷம், மலைக்கு எதிரே செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு ஆஸ்திரேலியர் குடியிருந்தார். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குடிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

கிணறு வற்றி, கடன்பட்டு போர் போட்டோம். சேறும் தண்ணீருமாகப் பீச்சியடித்தபோதும் அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல," என்றார், இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில்.

"எங்க ஊரு தண்ணி மேல அவ்ளோ சந்தேகமாங்க?" என்றேன்.

"எங்க ஊர்ல மழை கம்மி. கோதுமை போட நானும் அப்பாவும் மரம் எல்லாம் வெட்டினோம். வேர் குடிச்ச தண்ணிய அப்புறம் குடிக்க யாரும் இல்ல. அடியில இருந்த உப்போட அது மேல வந்துச்சு. நிலம் வெள்ளையா போச்சு."

எதிரே மலை மொட்டையாக நின்றது. விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுப்புக்கும் அந்த விறகுதான்.

"மரம் வெட்டினவன், நான் என்ன சொல்றது," என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இப்போது முதல் வாய்த் தண்ணீரை நானும் உடனே விழுங்குவதில்லை. வீட்டில் எரிச்சல்படுகிறார்கள்.