சோபாவில் நாய் மோண்ட பழி

எனக்குச் சீராக என் ஆத்தா வாங்கிக் கொடுத்த சோபா அது. சிவப்பு வெல்வெட்டு, உள்ளே தேங்காய் நார். அறுபத்தெட்டாம் வருஷ வாக்கில் என் வீட்டுக்காரர் ஆசையாகக் கொண்டுவந்த நாய் அதில்தான் காலைத் தூக்கியது.

முதல் தடவை தெரியாத்தனமாக வெந்நீரை ஊற்றித் தேய்த்துவிட்டேன். நார் அத்தனையையும் குடித்துக்கொண்டது. அப்புறம்தான் பழகினேன். தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றியெடுப்பேன். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் துடைத்து, ஆப்பச் சோடாவைத் தூவி வெயிலில் போடுவேன். கறை போய்விடும். மழைக்காலத்தில் நாற்றம் மட்டும் மேலே வரும். அவருக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசியில் நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அதில் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார்கள். என்னைப் பார்க்க வந்திருந்த ஆத்தா கதவோரம் நின்றிருந்தாள். நாயை வீட்டுக்குள் விட்டதைச் சொல்ல வீட்டுக்காரருக்கு வெட்கம்.

"இவ ஆத்தா வந்திருக்காக. வயசாயிருச்சுல்ல, அடக்க முடியலை" என்றார்.

ஆத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளையைப் பொய்யனாக்கக் கூடாதென்று அவளே கும்பிட்டுச் சொன்னாள்: "ஆமாங்க, கொஞ்ச நாளா இப்படித்தான். மனசுல வச்சுக்கிறாதீக."

சம்பந்தம் கெட்டுவிடுமென்று நானும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமே ஆத்தா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் சோபாவை நாய்க்கே விட்டுவிட்டேன்.

"நான் எங்குட்டு உக்காருறது?" என்றார்.

தரையில் பாயை விரித்தேன். வருகிறவர்கள் ஏனென்று கேட்டால், அவர் முன்னாலேயே நாயைக் காட்டி, "அது மோண்ட இடம்" என்பேன்.