சீட் லைனை நிறுத்திய தையல்கார அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. விடியற்காலையில் ஏரியின்மேல் பனி படிந்திருக்கும்போது, அதற்குள்ளிருந்து சைக்கிளில் வந்துவிடுவார் என்றே இன்னும் தோன்றுகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் தலைவர். எனக்கு அண்ணன். அப்படியே எழுதுகிறேன்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் அவர் படிப்பு பத்தாவதோடு நின்றது. படப்பையில் தையல் கடை வைத்து என்னைப் படிக்க வைத்தார். அவர் தைத்த காலர் கழுத்தில் இருப்பதே தெரியாது என்பார்கள்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி வந்தபோது இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்கத்தில் பேசுபவர்போல் பேசுவார்.

"எட்டு மணி நேரம் வேல, அதோட போதும். ஓ.டி.ன்னு யாரையும் புட்ச்சி வெக்கக் கூடாது. சாயங்காலம் எல்லாரும் ஏரிக்கரையில சும்மா உக்காந்துகினு, வெயில் தண்ணியில எறங்கறத பாக்கணும்மா."

பஸ்ஸே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து தைத்த ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. "துணி சுத்திக்கோ, லைன் நிக்கக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். அண்ணன் தன் மெஷினை அணைத்துவிட்டு எழுந்தார்.

"சார், மொதல்ல அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. அப்பால லைன் ஓடட்டும்."

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்தது நின்றது. நானும் நிறுத்தினேன். அவ்வளவு பெரிய கூடத்தில் மின்விசிறிகளின் ஓசை மட்டும் கேட்டது. எல்லோரும் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது.

எங்கள் சங்கம் அன்றுதான் பிறந்தது. அதற்காக எங்களில் பலரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கேட்டுக்கு எதிரே பந்தலில் இருந்தோம். கடைசியில் ஒப்பந்தம் வந்தது. எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், கட்டாய ஓ.டி. இருக்காது, அண்ணனுக்கு மட்டும் இடமில்லை. மறுநாள் அவரே முதல் கையெழுத்தைப் போட்டார். நான் அழுதேன்.

"எனுக்குக் கடை கீது. ஒனக்கு இன்னா கீது? போம்மா, பஸ்ஸு வந்துடும்" என்றார்.

பிறகு அவர் தையல் கடைக்கே வெல்டர்களும் பிட்டர்களும் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். ஒருவருக்கு அளவெடுத்தபடியே இன்னொருவரின் மனுவுக்கு வாசகம் சொல்வார். ஒவ்வொரு கம்பெனியாகச் சங்கம் வளர்ந்தது. பதவி உயர்வோ பட்டமோ அவருக்கு வரவில்லை. வந்தது நுரையீரல் நோய்.

கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில், "பஸ்ஸு வந்துட்சா? எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "எறங்கிட்டாங்கண்ணா" என்று சொன்னால்தான் கண்ணயர்வார். ஒரு பிற்பகலில் அப்படியே உறங்கிப்போனார்.

ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தோழர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் ஆட்டோவுடன் வந்து நின்ற தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நன்றி சொல்ல இன்னொருவர் மிச்சம். அண்ணன் தன் வேலையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டதை அண்ணி எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று நான் கேட்டதே இல்லை. இந்த மலருக்காகப் போன வாரம்தான் கேட்டேன்.

"கையெழுத்துக்கு மொத நாளு ராத்திரி வந்து சும்மா உக்காந்துகினு இருந்தாரு. சோறு எறங்கல. இன்னா சமாச்சாரம்னு கேட்டேன், சொன்னாரு. நான்தாம்மா போட்டுட்டு வான்னேன். ஒன்ன மாதிரி எத்தினி வூட்டுப் பொண்ணுங்க அந்தப் பந்தல்ல கீதுங்கன்னேன்."

இத்தனை காலமும் அண்ணி இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கையெழுத்தால் வேலைக்குத் திரும்பிய நாங்கள் அனைவரும், அண்ணி, உங்களுக்கு இப்போதுதான் நன்றி சொல்கிறோம்.

— தங்கை