குளத்து நடுவே தாம்பூலத் தட்டு

தண்ணீரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். பஸ் பாலத்தைத் தாண்டும்போது முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் வாளித் தண்ணீரில் விளையாடினால்கூட அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் இதற்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயந்தாங்கொள்ளியையும் ஒருநாள் படகில் ஏற்றினார்கள். கொட்டுகிற மழையில், பட்டுப்பாவாடை கட்டிவிட்டு.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த தம்பி. அவர் படித்தார், கொழும்பில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்தார், மனைவி மகனோடு லண்டனுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் அக்காவுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்துவார்கள்? வீல் என்று கத்திய அக்காவைச் சமாதானப்படுத்த மாமா எல்லார் முன்னாலும், “அழாதடி, நீ எங்க வீட்டுக்கு வரப்போற மருமக” என்றாராம். அழுகிற பிள்ளைக்குச் சொன்னது. பிள்ளை அதை மறந்துவிட்டது. அம்மா மறக்கவில்லை.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான், பெரகலயில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் அக்காவைக் கேட்டு வந்தபோது, “எந்தம்பி மகன் இருக்கானுங்க” என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். நல்ல இடம், அந்தப் பையன் சிரித்த முகம் என்று அப்பா கொஞ்ச நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா படிப்பை முடித்திருந்த வருடம், டிசம்பர் மழையில் மாமா குடும்பத்தோடு வந்து இறங்கினார். தங்கியது பதுளை டவுன் ஹோட்டலில். லயத்துக்கு ஒருமுறை வந்து, நின்றபடியே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கல்யாணப் பேச்சு எதுவும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு மாமாவிடமிருந்து போன் வந்தது. மகியங்கனையில் ஒரு குளத்தோரம் அறை எடுத்துத் தங்கப்போகிறார்களாம். இங்கிலாந்தில் லீவு விட்டால் குடும்பத்தோடு ஆற்றில் படகிலேயே போய், படகிலேயே தூங்குவார்களாம். இங்கேயும் மகன் படகு படகு என்கிறானாம். “ஒரு நாள் நீங்களும் வாங்கக்கா, வேன் அனுப்புறேன். புள்ளைங்களக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க” என்று முடித்தார்.

அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம் ஓடினாள். “புள்ளையக் கட்டாயம் கூட்டியாரச் சொல்றான். வெளங்குதா ஒங்களுக்கு?” அந்தப் பிள்ளைகளிலிருந்து என்னை அதற்குள் கழித்துவிட்டிருந்தாள்.

“போட்டுல சுத்திக்காட்டக் கூப்புடுறான். அதுல என்னா வெளங்கணும்?”

“பேசப்போறாங்க. இங்க வச்சுப் பேசினா லயமே காது வைக்கும். தண்ணிக்கு நடுவுல எவ வந்து ஒட்டுக்கேப்பா?”

அப்பா யோசித்தார். எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருந்த சுவர் கூரையைத் தொடாது. கடைசிக் காம்பராவில் ஒருவர் தும்மினால் முதல் காம்பராவில் யாராவது நூறு என்பார்கள். புருசன் பெண்சாதி சண்டையைக்கூடத் தேயிலை மலையில் வைத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படியிருக்க, பெரிய மனுசர்கள் சம்பந்தம் பேசக் குளத்து நடுவைத் தேர்ந்தெடுத்தது அப்பாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அதனால் நாங்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி புறப்பட்டோம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் பட்டுச்சேலை, அப்பாவுக்குத் தேய்த்த வேட்டி, அக்கா தலை நிறையப் பூ. ஒரு பையில் பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், தேங்காய். மாமா மகனுக்கு எடுத்த வேட்டி ஒன்றும் அடியில் இருந்தது. “தட்டு மாத்துற நேரத்துல கைய விரிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது பாருங்க” என்றாள் அம்மா.

கந்தகெட்டிய வழியாக வேன் இறங்கியது. மழை விடவே இல்லை. மண் சரியுமா, பிரேக் பிடிக்குமா என்று ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடினேன்.

“மூஞ்சிய ஏன்டி இப்பிடி வச்சிருக்க?” என்றாள் அக்கா.

“படகு கவுந்தா? ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“பீலித் தண்ணியில எவடி நீச்சல் பழகுனா?”

பீலி என்பது லயத்துக்குப் பின்னால் மூங்கில் குழாயில் விழும் தண்ணீர். நாங்கள் குளிப்பது அதில்தான். அதைவிடப் பெரிய தண்ணீருக்குள் நான் இறங்கியதில்லை. குளத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அக்கரை மழைக்குள் மறைந்திருந்தது.

மாமா, அத்தை, மகன் மூன்று பேரும் அரைக்கால்சட்டையும் மழைக்கோட்டுமாக நின்றார்கள். அத்தை எங்களை மேலும் கீழும் பார்த்தார். “என்ன அண்ணி, ஏதும் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாறீங்களா?”

கேலி செய்கிறார் என்று நினைத்து அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்பாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

படகுக்காரர் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கொடுத்தார். அக்காவின் சேலை, சங்கிலி எல்லாவற்றையும் அது மூடிவிட்டது. “இதப் போட்டா புள்ளையோட மூஞ்சி மட்டும்தானே தெரியும்?” என்று அம்மா முணுமுணுத்தாள். நான் மட்டும் என்னுடையதை இறுக்கிக் கட்டச் சொல்லி இரண்டாவது ஒன்றும் கேட்டேன்.

மேலே தகரம் போட்ட மரப் படகு. பக்கத்திலிருந்து சாரல் அடித்தது. அக்கா நடுங்குவதைப் பார்த்த மாமா மகன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டான். நல்ல பையன். குளிர்கிற யாருக்கும் அதைச் செய்திருப்பான். அம்மா அப்பாவின் விலாவில் இடித்த இடி படகையே ஆட்டியதாக எனக்குத் தோன்றியது.

மாமா உற்சாகமாக இருந்தார். இங்கிலாந்தில் ஆற்றுக்குக் குறுக்கே கதவு வைத்திருக்கிறார்களாம். கதவை மூடித் தண்ணீரைப் பெருக்கிப் படகை மேலே தூக்குவார்களாம். அங்கேயும் எந்நேரமும் மழைதானாம். படகு நீளமாக, ஒடுக்கமாக, வரிசையாகக் குட்டிக் குட்டி அறைகளோடு இருக்குமாம். ஒன்றிலே அடுப்பு, ஒன்றிலே படுக்கை. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் முழங்கை இடிக்குமாம்.

“நம்ம லயம் மாதிரியா மாமா?” என்றேன்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, “ம்... அப்பிடித்தான்” என்றார்.

“அப்ப நாங்க வருசம் பூரா லீவுலதான் இருக்கோம்னு சொல்லுங்க மச்சான்” என்றார் அப்பா. அத்தைதான் பலமாகச் சிரித்தார்.

குளத்து நடுவுக்கு வந்ததும் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். அம்மா அப்பாவிடம் மணி கேட்டாள். ராகுகாலம் தொடங்கவில்லை. மாமா பேசுவார் என்று கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அவர் கொக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா மெல்லப் பையைத் திறந்து தட்டை எடுத்து மடியில் வைத்தாள். வெற்றிலையை அடுக்கினாள், பழத்தை வைத்தாள், தேங்காய் உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “தம்பி...” என்றாள்.

“ஐயோ, பூசையா! தண்ணிக்குப் பூசை செய்யிறீங்களா அண்ணி?” அத்தை போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

மாமா தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். லயத்தில் பிறந்த மனிதருக்கு அந்தத் தட்டு தெரியாமல் இருக்குமா? முகம் வெளுத்துப்போனது.

“தம்பி, இது நம்ம புள்ளைக்கு...”

“தெரியும்க்கா. தெரியும்.” மாமா எழுந்து வந்து அம்மாவின் மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு நிமிடம் அம்மாவின் முகம் விளக்கேற்றியது போல இருந்தது. மாமா தன் மனைவி பக்கம் திரும்பினார். “நம்ம ஆளுங்க தண்ணியில எறங்கினா இப்பிடி ஒரு பூசை செய்வாங்க. அக்கா ஒண்ணையும் மறக்கமாட்டாங்க” என்றார்.

தேங்காயைப் படகுக்காரரிடம் கொடுத்தார். அவர் கத்தியால் ஒரு தட்டுத் தட்ட, அது சரிபாதியாக உடைந்தது. அத்தை கை தட்டினார். மாமா வெற்றிலையைக் கொத்தாக அள்ளிக் குளத்தில் விட்டார். குங்குமத்தைத் தூவினார். மஞ்சளைப் போட்டார். ஒவ்வொன்றையும் அவசரமாக, யார் முகத்தையும் பார்க்காமல் போட்டார். மழை விழுந்து விழுந்து வெற்றிலைகள் படகைச் சுற்றியே மிதந்தன.

அக்கா தலையிலிருந்த பூவை உருவினாள். “பூசைன்னா பூ வேணுமே மாமா. இந்தாங்க” என்று நீட்டினாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. மாமா வாங்கவில்லை. அவளே போட்டாள்.

அம்மா காலித் தட்டை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். வேட்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. எனக்குத் தேங்காய்ச் சில்லு கிடைத்தது.

அந்தத் தையில் பெரகலக் குடும்பம் வேறு இடத்தில் பெண் எடுத்தது. அக்கா கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனாள். அவளை எப்போதாவது யாராவது கேட்டு வந்தாலும், “லண்டன் மாப்பிள்ளைக்குக் காத்திருந்த பொண்ணா?” என்று ஒரு சிரிப்பு முன்னால் வந்துவிடும். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் எங்கள் காதில் விழும். மாமா பிறகும் போன் எடுத்துப் பேசினார். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அம்மா நலம் விசாரித்து வைத்துவிடுவாள்.

இதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் வேன் மலை ஏறியபோது நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன். பயம் தெளிந்த சந்தோஷம். அவ்வளவு பெரிய தண்ணீர், அவ்வளவு மழை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்படி என்று யோசித்தேன். விடை கிடைத்தது. என்னைப் போலவே அம்மாவும் பயந்திருக்கிறாள். அதனால்தான் எல்லாவற்றையும் யோசித்து வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

“அம்மா, நீங்க மட்டும் அந்தப் பூசைச் சாமான் கொண்டாரலைன்னா நம்ம எல்லாரும் முங்கிப்போயிருப்போம்தானே?”

முன் இருக்கையில் அப்பா இருமினார். அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, ஈரப் பட்டுச்சேலையால் என் தலையைத் துவட்டினாள்.

“ஆமாடி தங்கம். அதான் ஒண்ணும் ஆகலையே. தூங்கு.”

அத்தனை பேரில் என் பயம் புரிந்தவள் அம்மா ஒருத்திதான் என்ற நிம்மதியில் நான் தூங்கிப்போனேன்.